நகாட்டாவா, பார்க் ஜி-சுங்கா?

ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன நடுக்களக் கால்பந்து ஆட்டக்காரர்களில் பெரியவர் யார் என்ற பேச்சு வந்தால், அது ஜப்பானின் ஹிதெடோஷி நகாட்டாவிலோ தென் கொரியாவின் பார்க் ஜி-சுங்கிலோ போய்த்தான் நிற்கும். முன்னவர் 1977இல் பிறந்தவர், பின்னவர் 1981இல். வயதில் பெரிய இடைவெளி இல்லை. ஆனால் அந்நிய மண்ணில் எப்படிக் காலூன்றுவது என்ற கேள்விக்கு இருவரும் நேரெதிரான விடைகளைச் சொன்னார்கள். கோப்பைகளை எண்ணிப் பார்த்து, நகாட்டா நிலைக்காதவர், பார்க்தான் மேல் என்று பலர் முடித்துவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு அவசரமானது என்று நினைக்கிறேன்.

நகாட்டா இத்தாலிக்குப் போன 1998ஆம் ஆண்டை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். ஜிடான், பாட்டிஸ்டூட்டா, பிரேசிலின் ரொனால்டோ என்று உலகின் சிறந்த கால்கள் எல்லாம் அங்கே இருந்த காலம். அவருக்கு முன்பு ஜெனோவா அணிக்குப் போன கஸுயோஷி மியுரா ஒரே ஒரு லீக் கோலோடு திரும்பியிருந்தார். ஜப்பானியர் ஒருவரை வாங்குவது சட்டை விற்கத்தான் என்ற சந்தேகம் அப்போது வெளிப்படையாகவே இருந்தது. பெரூஜா என்ற சிறிய அணிக்காக நகாட்டா ஆடிய முதல் லீக் ஆட்டம் நடப்புச் சாம்பியன் யுவென்டஸுக்கு எதிரானது. பெரூஜா 3-4 என்று தோற்றது. அதில் இரண்டு கோல்கள் நகாட்டாவுடையவை. அந்தப் பருவத்தை அவர் 10 லீக் கோல்களோடு முடித்தார். சந்தேகப்பட்டவர்களுக்கு அதற்கு மேல் பேச எதுவும் இல்லை.

பார்க் வந்த பாதை வேறு. தட்டைப் பாதம், ஒல்லியான உடம்பு. சொந்த நாட்டுத் தொழில்முறை அணிகள் அவரை எடுக்கவில்லை. பல்கலைக்கழக அணியில் இருந்தவரை 2000இல் ஜப்பானின் கியோட்டோ அணி அழைத்துக்கொண்டது. அந்த அணி இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கியபோதும் கூடவே இருந்து, மறுபடி மேலே கொண்டுவந்தார். 2003 புத்தாண்டு நாளில் நடந்த பேரரசர் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் அடித்துக் கோப்பையையும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் நெதர்லாந்துக்குப் புறப்பட்டார். கியோட்டோ, நெதர்லாந்தின் ஐந்தோவன், இங்கிலாந்தின் மான்செஸ்டர் என்று ஒவ்வொரு படியிலும் கால் வைத்து ஏறியவர். நகாட்டாவோ நேராக உச்சிப் படிக்குத் தாவியவர்.

இருவருக்கும் உள்ள உண்மையான வேறுபாடு களத்தில் எந்த இடம் வேண்டும் என்பதில் இருக்கிறது. நகாட்டா முன்கள ஆட்டக்காரர்களுக்குச் சற்றுப் பின்னால் நின்று ஆட்டத்தையே வடிவமைக்க விரும்பியவர். அந்த இடம் ஓர் அணியில் ஒன்றுதான் இருக்கும். 2000 ஜனவரியில் அவர் ரோம் நகரின் ரோமா அணிக்குப் போனபோது அங்கே அந்த இடத்தில் டோட்டி இருந்தார். ரோமில் பிறந்து, அந்த ஊரே தலையில் வைத்துக் கொண்டாடியவர். வெளியூர்க்காரர் எவ்வளவு திறமையாளரானாலும் அந்த நாற்காலி காலியாகாது.

ஆனாலும் 2001 மே 6 இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்த ஆட்டக்காரர்களின் எண்ணிக்கைக்கு இத்தாலியில் இருந்த வரம்பு அந்த ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்புதான் தளர்ந்திருந்தது. அதனால்தான் நகாட்டாவுக்கு மாற்று ஆட்டக்காரர் வரிசையில் இடம். டூரினில் யுவென்டஸ் தொடக்கத்திலேயே இரண்டு கோல் அடித்து முன்னிலை பெற்றுவிட்டது. இரண்டாம் பாதியில் பயிற்சியாளர் கபெல்லோ, டோட்டியையே வெளியே எடுத்துவிட்டு நகாட்டாவை இறக்கினார். 79ஆவது நிமிடம். பந்தோடு சில அடி முன்னேறிய நகாட்டா, பெனால்டி பெட்டிக்கு வெகு தொலைவிலிருந்து வலது காலால் அடித்தார். கோல்கீப்பர் வான் டெர் சார் பறந்தும் பந்து வலைக்குள் போய்விட்டது. கடைசி நேரத்தில் அவர் அடித்த இன்னொரு பந்தை வான் டெர் சாரால் பிடித்து நிறுத்த முடியவில்லை. தெறித்து வந்ததை மொன்டெல்லா உள்ளே தள்ளினார். 2-2.

அந்தப் பருவம் முடிந்தபோது ரோமா 75 புள்ளிகள், யுவென்டஸ் 73. அன்று ரோமா தோற்றிருந்தால் கணக்கு 74, 75 என்று மாறியிருக்கும். ஒரு சாம்பியன் பட்டத்தை அரை மணி நேரத்தில் திருப்பிய மாற்று ஆட்டக்காரரை 'நிலைக்காதவர்' என்று எப்படிச் சொல்வது?

அதன்பின் ஏறத்தாழ 28 மில்லியன் யூரோவுக்கு இன்னொரு இத்தாலிய அணியான பார்மா அவரை வாங்கியது. 2015இல் சன் ஹியூங்-மின் டாட்டன்ஹாமுக்குப் போகும்வரை ஓர் ஆசியருக்கு யாரும் அவ்வளவு கொடுக்கவில்லை. 2002 இத்தாலியக் கோப்பை இறுதி இரண்டு ஆட்டங்களாக நடந்தது; மொத்தக் கோல்கள் சமமானால் எதிரணி மைதானத்தில் அடித்த கோலுக்கே மதிப்பு அதிகம் என்பதால், யுவென்டஸின் மைதானத்தில் தோற்ற முதல் ஆட்டத்தில் அவர் அடித்த ஒரு கோல்தான் பார்மாவுக்குக் கோப்பையைத் தந்தது. பிறகு இறங்குமுகம். பொலோன்யா, ஃபியோரென்டினா, போல்டன் என்று அலைந்தார்.

பார்க் எந்த இடத்தையும் தனக்கென்று கேட்கவில்லை. இடப்பக்கம், வலப்பக்கம், நடு, எங்கே சொன்னாலும் நிற்பார். ஐந்தோவனில் முதல் பருவம் கொடுமையானது. சொந்த ரசிகர்களே அவர் பந்தைத் தொட்டால் கேலிக்கூச்சல் போட்டார்கள். பயிற்சியாளர் கூஸ் ஹிடிங்க் சில காலம் அவரை வெளியூர் ஆட்டங்களில் மட்டும் இறக்கினார். சொந்த மைதானத்தைவிட எதிரி மைதானம் பாதுகாப்பானது என்ற நிலை ஒரு ஆட்டக்காரருக்கு வரக்கூடாது. அதே மைதானத்தில் 2005 மே மாதம் ஐரோப்பாவின் முன்னணி அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதியில் இத்தாலியின் மிலானுக்கு எதிராக 9ஆவது நிமிடத்தில் அவர் கோல் அடித்தபோது அந்தக் கூட்டம் எழுந்து நின்றது. சில வாரங்களில் மான்செஸ்டர் யுனைடெட் அழைத்துவிட்டது.

அங்கே நான்கு லீக் பட்டங்கள். அவர் ஆட்டத்தின் சாரத்தைப் பார்க்க 2010 மார்ச்சில் மிலானை 4-0 என்று வென்ற ஆட்டம் போதும். மிலானின் மூச்சே நடுக்கள ஆட்டக்காரர் பிர்லோதான். தடுப்பாட்டக்காரர்களிடமிருந்து பந்தை வாங்கி, திரும்பி, தலையை நிமிர்த்தினால் போதும், ஆட்டம் அவர் கைக்குள் வந்துவிடும். யுனைடெட் பயிற்சியாளர் ஃபெர்குசன் பார்க்கிடம் அந்தத் திரும்பலைத்தான் தடுக்கச் சொன்னார். பிர்லோ நகர்ந்தால் நகர்ந்தார், நின்றால் நின்றார், பந்து வரும் முன்பே அருகில் இருந்தார். போதாக்குறைக்கு அவரே ஒரு கோலும் அடித்தார்.

இந்தப் பணிவுக்கு விலை இருந்தது. 2008 சாம்பியன்ஸ் லீக்கில் காலிறுதி, அரையிறுதி என்று ஓடி உழைத்தவருக்கு மாஸ்கோ இறுதியாட்டத்தில் மாற்று ஆட்டக்காரர் பட்டியலில்கூட இடமில்லை. நகாட்டாவுக்கு இது நடந்திருந்தால் மறுவாரமே வேறு அணி தேடியிருப்பார். பார்க் தங்கினார். அடுத்த ஆண்டு ரோமில் இறுதியாட்டத்தில் தொடக்கத்திலிருந்தே ஆடினார். நான் இதை அடிமைத்தனம் என்று பார்க்கவில்லை. அசாத்தியமான மன உறுதி அது.

இன்னொருவர் பின்பற்றக்கூடிய வழி எது என்றால், பார்க்கின் வழி என்பேன். படிப்படியாக ஏறலாம், பல இடங்களில் ஆடப் பழகலாம். நகாட்டாவின் வழியில் போக நகாட்டாவாகப் பிறந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் கதவை உடைத்தவர் அவர். அவர் பெரூஜாவை விட்ட அதே ஆண்டில் தென் கொரியாவின் ஆன் ஜங்-ஹ்வானை அதே பெரூஜா அழைத்தது, 2002இல் ஜப்பானின் ஷுன்சுகே நகாமுரா இன்னொரு இத்தாலிய அணியான ரெஜினாவுக்குப் போனார்.

விடைபெற்ற விதமும் அவரவர் குணப்படியே இருந்தது. 2006 உலகக் கோப்பையில் பிரேசிலிடம் 1-4 என்று தோற்றபின் டோர்ட்முண்ட் மைதான நடுவட்டத்தில் நகாட்டா வெகுநேரம் மல்லாந்து கிடந்தார். சில நாட்களில், 29 வயதில், ஓய்வை அறிவித்தார். பார்க் முழங்கால் ஒத்துழைக்காத நிலையிலும் 2013இல் மறுபடி ஐந்தோவனுக்கே வந்தார். ஒருகாலத்தில் கேலிக்கூச்சல் போட்ட அந்த இருக்கைகளிலிருந்து, அவர் பெயரையே பாட்டாக்கிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.