கிரெப்பா, ஆக்கா? எல்லா யுனிக்ஸிலும் ஓட வேண்டிய ஸ்கிரிப்டுக்கு

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விலைக் குறிப்பில் 'மல்லி 1200' என்று ஒரு வரி வரும். அந்த எண்ணை மட்டும் பிரித்தெடுக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு நிரல், எழுதினேன்.

முதலில் கிரெப், வரிகளில் தேடித் தரும் கட்டளை. பொருந்திய பகுதியை மட்டும் காட்டும் மைனஸ் ஓ, பெர்ல் மொழிப் பாணியில் தேட விடும் மைனஸ் பெரிய பி இரண்டு விருப்பங்களும் போட்டால் ஒரே வரியில் முடியும், படிக்கவும் சுகம். என் உபுண்டுவில் ஓடியது, தம்பியின் மேக்கில் நின்றுவிட்டது. பெரிய பி, உபுண்டுவில் இருக்கும் குனூ கிரெப்பின் சேர்க்கை; யுனிக்ஸ் வகைகளுக்கெல்லாம் பொதுவான போசிக்ஸ் தரத்தில் கிடையாது. நம் கணினியோடு வேலை முடிகிறதென்றால் கிரெப்பே போதும்.

அடுத்தவர் கைக்குப் போவதென்றால் நான் ஆக் (awk) என்ற உரை அலசும் சிறு மொழியின் பக்கம்தான். 1977-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது, போசிக்ஸிலும் இருக்கிறது. மேட்ச் என்ற செயற்கூறு பொருந்திய இடத்தை ஆர்ஸ்டார்ட்டிலும் நீளத்தை ஆர்லெங்த்திலும் வைக்கும். சப்ஸ்டர் என்ற செயற்கூறு அந்த இடத்திலிருந்து வெட்டித் தரும். நாலு வரி ஆகும், ஆகட்டும்.

தமிழ் எழுதுகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். தமிழைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 அமைப்பில் 'மல்லி' என்பதை ஆக்கின் ஒரு வடிவமான குனூ ஆக் 5 குறிகளாக எண்ணும். உபுண்டுவோடு வரும் இன்னொரு வடிவமான மாக் (mawk) 15 பைட்டாக எண்ணும். பூவின் பெயரைத் தாண்டி வெட்டச் சொல்ல சப்ஸ்டரில் கையால் 5 என்று போட்டால் மாக்கில் விலைக்கு முன்னால் உடைந்த எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் அந்த இடத்தில் எண் எழுதாமல், நீளம் சொல்லும் லெங்த் செயற்கூறையே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.