செங்கல் சுவரில் கொடி விட்டுப்போன வேர்: சில மழைக்காலங்கள் கழித்து

பெங்களூரு ஹலசூரில் எங்கள் வீட்டு முன்சுவர் பூச்சில்லாத மாலூர் செங்கல். அதில் வருடக்கணக்காகப் படர்ந்திருந்த கொடியை எடுத்துச் சில மழைக்காலங்கள் ஆகிவிட்டன. கொடியை எடுப்பது பெரிய வேலை இல்லை. அது விட்டுப்போகும் வேர்த்துணுக்குதான் உயிரை வாங்கும்.

எங்களுடையது ஃபைகஸ் பூமிலா. ஆல், அத்தி குடும்பம். கிள்ளினால் பால் வடியும், சிலருக்குக் கை அரிக்கும். அது ஒட்டும் விதத்தை டார்வின் 1865-லேயே எழுதிவிட்டார். வேர் முதலில் லேசான பிசுபிசுப்புள்ள திரவத்தைக் கசியவிட்டு, பிறகு அதிலுள்ள நீரைத் தானே உறிஞ்சிக்கொள்கிறதாம். மிஞ்சுவது ரப்பர் மாதிரியான பசை. சுவரை ஒட்டி நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும்: நூல் நூலாகப் பழுப்பு வேர், அதன் அடியில் செங்கல்லின் நுண்துளைக்குள் இறங்கிய கருத்த பொட்டு. நூல் சுரண்டினால் வந்துவிடும். பொட்டு வராது.

"ஆசிட் ஊத்துனா ஒரே நாள்ல பளிச்சுன்னு ஆயிடும் சார்" என்றார் தர்மபுரிக்கார மேஸ்திரி. "வேணாம்ணே, அது சிமென்ட்டைத்தான் தின்னும்" என்றேன். ரப்பர் பசையை அந்த ஆசிட் ஒன்றும் செய்யாது. செங்கல்லுக்கு நடுவே இருக்கும் கலவைதான் அரிபடும். பிரஷர் வாஷரும் பழைய சுவருக்கு ஆகாது, தளர்ந்த கலவையைப் பெயர்த்துவிட்டுத் தண்ணீரை உள்ளே தள்ளும். கம்பி பிரஷ் செங்கல்லின் வெந்த மேல்தோலைக் கீறும், உடைந்த கம்பி மாட்டிக்கொண்டு துருக்கறை வழியும்.

கடைசியில் விறைப்பான நைலான் பிரஷும் பட்டி பிளேடும்தான். கொடியை அடியில் அறுத்து, இலை சருகாகும் வரை விட்டுவிட்டு, மழையில்லாத பிப்ரவரியில் மேலிருந்து கீழாக உரித்தோம். பச்சையாக இழுத்தால் கலவையும் சேர்ந்து வரும். அப்புறம் தண்ணீர் காட்டாமல் உலர்வாகவே தேய்த்தது. தூசி கண்டபடி பறக்கும், முகமூடி கட்டாயம். நைலான் சீக்கிரம் மழுங்கிவிடும். விலை உயர்ந்த ஒன்றைவிட மலிவாக நாலைந்து வாங்குவது மேல்.

இப்போது சுவர் எப்படி இருக்கிறது? மிச்சமிருந்த நூல்வேர் மழையில் மக்கி உதிர்ந்துவிட்டது. வெயில் படும் பக்கம் பொட்டுகள் வெளுத்து, தெருவிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. சன்ஷேடுக்குக் கீழே அப்படியே இருக்கின்றன, நான் விட்டுவிட்டேன். அதை நோண்டப்போனால் செங்கல்தான் கெடும். ஏசி தண்ணீர் சொட்டும் இடத்தில் பாசி பிடித்தது, அதற்குக் கொடியைக் குறை சொல்ல முடியாது. கோடையில் அங்கங்கே உப்பு பூக்கிறது. உலர்ந்த பிரஷால் தட்டிவிடுகிறேன், கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேதான் போகும்.

செங்கல் இடுக்குகளில் மறுபடி கலவை பூசிய வேலை, அதாவது பாயிண்டிங், மட்டும் திருப்தியில்லை. புதுக் கலவை இன்னும் வெளிறித் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. பழையதோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு மூலையில் பூசி, காய்ந்த பிறகு பார்த்துவிட்டு மேலே தொடரச் சொல்லுங்கள்.

அடிக்கட்டையையும் தோண்டி எடுத்துவிடுங்கள், விட்டால் துளிர்க்கும். செலவில் பெரும்பகுதி சாரத்துக்குத்தான் போனது. மழைநீர்க் குழாய், சன்ஷேடு விரிசல் என்று ஏதாவது பாக்கி இருந்தால் சாரம் நிற்கும்போதே முடித்துக்கொள்வது நல்லது.