காய்ச்சல், வாந்தி நாளில் கீட்டோன்: சிறுநீர் ஸ்ட்ரிப்பா, ரத்த மீட்டரா?

உடம்பு சரியில்லாத நாளில் "எதுவும் சாப்பிடவில்லையே" என்று இன்சுலினை நிறுத்திவிடும் சர்க்கரை நோயாளிகள் பலர். மிக ஆபத்தான முடிவு அது. நோயின்போது கார்டிசால், அட்ரினலின் ஆகிய ஹார்மோன்கள் கூடி இன்சுலின் தேவையை ஏற்றிவிடும். இன்சுலின் போதாவிட்டால் உடல் கொழுப்பை எரிக்க, அதில் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள் சேர்ந்து ரத்தம் அமிலமாகும். அதனால் நீண்ட நேர இன்சுலினை விடவே கூடாது. கீட்டோனையும் பார்த்தாக வேண்டும்.

சிறுநீர் ஸ்ட்ரிப் விலை குறைவு, குத்த வேண்டாம். ஆனால் அது காட்டுவது அசிட்டோஅசிடேட் என்ற ஒருவகைக் கீட்டோனை மட்டுமே. ஆபத்தான கட்டத்தில் அதைவிடப் பல மடங்கு இருப்பது பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற இன்னொரு வகைக் கீட்டோன். அது இந்த ஸ்ட்ரிப்பில் தெரியாது. தவிர, சிறுநீர் பையில் சில மணி நேரமாகத் தேங்கியது, எனவே கிடைப்பது பழைய செய்தி. உடலில் நீர் வற்றியவருக்குச் சிறுநீரே வராமல் போகலாம். சிகிச்சையில் தேறும்போது பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் அசிட்டோஅசிடேட்டாக மாறுவதால், நிறம் இன்னும் அடர்ந்து வீணாகப் பயமுறுத்தும். டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரம் பட்டு ஸ்ட்ரிப் கெடும். வைட்டமின் சி அதிகம் எடுத்தாலும் கீட்டோன் இல்லை என்று பொய் சொல்லக்கூடும்.

ரத்த மீட்டர் அந்த முக்கியக் கீட்டோனையே, இந்த நிமிடத்து அளவாகக் காட்டும். ஸ்ட்ரிப் விலைதான் உறுத்தும். குளுக்கோஸ் ஸ்ட்ரிப்பைத் தவறிப் போட்டுவிட்டு அந்த எண்ணைக் கீட்டோன் என்று படிப்பதும் நடக்கிறது. உறையைப் பார்த்துப் போடுங்கள். கையைக் கழுவித் துடைத்த பிறகே குத்துங்கள்.

ரத்த மீட்டரில் (mmol/L அளவில்) 0.6-க்குக் கீழே இயல்பு. 0.6 முதல் 1.5 வரை: தண்ணீர் குடித்து, 2 மணி நேரத்தில் திரும்பப் பாருங்கள். 1.5-ஐத் தாண்டினால் கூடுதல் இன்சுலின் பற்றி உடனே மருத்துவரிடம் கேளுங்கள். 3-ம் அதற்கு மேலும் என்றால் அவசர சிகிச்சை. சிறுநீர் ஸ்ட்ரிப்பின் நிற அட்டவணைப்படி 2+ வந்தாலும் அதே அவசரம்தான்.

டைப் 1, இன்சுலின் பம்ப், கர்ப்பம் ஆகிய நிலைகளில் மீட்டரே சரி. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய சர்க்கரை நோய் மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் அதுவே. சர்க்கரை பெரிதாக ஏறாமலே கீட்டோன் ஏறிவிடும் என்பதால் குளுக்கோஸ் எண்ணை நம்பி இருக்க முடியாது. காய்ச்சல், வாந்தி நாளில் இம்மாத்திரைகளை நிறுத்திவைக்க வேண்டும். எப்போது தொடங்குவது என்று மருத்துவர் சொல்வார்.

மீட்டர் இல்லையா? சிறுநீர் ஸ்ட்ரிப்பாவது பாருங்கள், ஒன்றும் பார்க்காததைவிட நல்லது. ஆனால் வாந்தி நிற்கவில்லை, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குகிறது, மயக்கமாக இருக்கிறது என்றால், ஸ்ட்ரிப் எந்த நிறம் காட்டினாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.