சம்மர் வார்ஸ், பெல்: எதை முதலில் பார்ப்பது?

இரண்டுமே ஜப்பானிய இயக்குநர் மமோரு ஹொசோடா இயக்கிய அனிமேஷன் படங்கள்.

குடும்பம்: 2009-இல் வந்த ‘சம்மர் வார்ஸ்’ படத்தில், உஏதா நகரின் பழைய வீட்டில் கூடும் பெரிய உறவுக்கூட்டம். 2021-இல் வந்த ‘பெல்’ படத்தில், ஜப்பானின் கோச்சி மாகாணத்துக் கிராமத்தில் தாயை இழந்த சுசுவும், அவளோடு பேச்சு குறைந்துபோன தந்தையும்.

தொழில்நுட்பம்: முன்னதில் ‘ஓஸ்’ மெய்நிகர் உலகம் நிலைகுலைந்ததும், 90 வயதை நெருங்கும் சகாயே பாட்டி பழைய கறுப்புத் தொலைபேசியைச் சுழற்றி, உறவினர்களையும் அதிகாரிகளையும் தட்டியெழுப்புகிறார். அந்தக் காட்சிக்காகவே மறுபடி பார்ப்பேன். பின்னதில் ‘யூ’ என்ற மெய்நிகர் உலகில்தான் சுசுவுக்குப் பாட்டு திரும்புகிறது.

வயது: ‘பெல்’ படத்தில் (சுசுவின் தந்தை அல்ல) வேறொரு தந்தை தன் பிள்ளைகளை வதைக்கும் பகுதி உண்டு, சிறுவர்களுக்கு வேண்டாம்.

வீடே கூடி உட்கார்ந்தால் முதல் படம். இழப்பைச் சுமப்பவர் தனியே பார்க்க இரண்டாவது.