ஏலத்தில் எடுத்த வீணை: விற்றவரிடமே பேசுவதா, தளத்தில் புகார் போடுவதா?

மகளுக்கு வீணை வாங்க வேண்டும். திருவாரூரிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ் ஏறியிருந்தால் பட்டறையிலேயே பார்த்து எடுத்திருக்கலாம். நான் போய் விழுந்தது ஆன்லைன் ஏலத்தில். ஒரே பலாமரத்தில் குடைந்த பழைய ஏகாண்ட வீணை என்று போட்டிருந்தது. 31,000 ரூபாய் வரை கேட்டுப் பார்த்து விட்டுவிட்டேன். இன்னொருவர் 500 கூட்டி எடுத்தார். இரண்டாம் நாள் விற்பவரிடமிருந்து செய்தி: "சார், எடுத்தவர் வேண்டாம்னுட்டார். உங்க விலைக்கே தர்றேன். நேரா எனக்கு ஜீபே பண்ணா 2,000 குறைச்சுக்கலாம்."

அந்த 'எடுத்தவர்' கணக்கைத் திறந்து பார்த்தேன். அவர் இதுவரை கேட்ட ஏலம் எல்லாமே இந்த ஒரே ஆளின் பொருள்களுக்குத்தான். சொந்த ஆளை நிறுத்தி விலை ஏற்றுவது குளத்து மீன் ஏலத்திலேயே நாம் பார்த்த வித்தைதான். ஆனால் என்னால் நிரூபிக்க முடியாது. அங்கேயே விலகியிருக்க வேண்டும், ஆசை விடவில்லை. ஒன்று மட்டும் சரியாகச் செய்தேன்: 2,000 போனால் போகட்டும் என்று தளத்தின் வழியாகவே பணம் கட்டினேன்.

வீணை வந்தது. யாளி முகம், மெட்டு, பிருடை எல்லாம் பார்க்க அழகு. குடமும் தண்டியும் (உருண்டை அடியும் நீளக் கழுத்தும்) சேருகிற இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை, கொஞ்சம் அதிகப்படியான அலங்காரமாக. செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். பட்டையின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு. அதற்கு இந்தப் பக்கம் மரத்தின் ரேகை ஒரு போக்கு, அந்தப் பக்கம் வேறு போக்கு. மகளின் வீணை டீச்சர் படத்தைப் பார்த்ததுமே "இது ஒட்டு வீணைங்க" என்றார். ஒட்டு வீணையும் நல்ல வீணைதான். விலைதான் வேறு.

இனி என்ன செய்வது என்பதில் என் முன்னால் நாலு வழி இருந்தது.

கார்டில் கட்டியவர்கள் பேங்கில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி, கேட்கலாம். நான் கட்டியது யூபிஐயில். நாமே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணத்தைப் பொருள் சரியில்லை என்று சொல்லித் திருப்புவது லேசில்லை. ஆளே போலி, பணத்தோடு மறைந்துவிட்டார் என்றால் அது வேறு கதை. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடிக்க வேண்டும்.

நுகர்வோர் வழி: முதலில் 1915 உதவி எண், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. நான் அந்தப் படி ஏறியதில்லை. தெரிந்தவர் ஒருவர் போட்ட வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது. அந்த ஒன்றை வைத்து எல்லாமே அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன்.

மிச்சம் இரண்டு. விற்றவரிடமே பேசித் தீர்ப்பது, தளத்தில் புகார் போடுவது. பேசுவதுதான் நம் ஊர்ப் பழக்கம். மன்னார்குடியில் என் மச்சான் அதைத்தான் செய்தார். இன்னொரு தளத்தில் பழைய பவர் ஸ்பிரேயர் எடுத்தார்; டேங்கில் ஒட்டுப் போட்டிருந்தது. "புகாரை மூடுங்க, பாதிப் பணம் தர்றேன்" என்றார்கள். மூடினார். பணம் வரவில்லை. மூடிய புகாரைத் திரும்பத் திறக்கவும் அந்தத் தளம் விடவில்லை.

எல்லாம் நாள் கணக்கில்தான் இருக்கிறது. நான் வாங்கிய தளம் பொருள் வந்து பத்து நாள் வரை பணத்தை விற்பவருக்கு விடாமல் வைத்திருக்கும். ஈபேயின் பாதுகாப்பு பொதுவாக 30 நாள். விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எனக்கு விற்றவர் கோபப்படவே இல்லை. முதலில் "பட்டறைக்காரரைக் கேட்டுச் சொல்றேன் சார்" என்றார். அப்புறம் வீட்டில் காரியம் என்றார். அதற்கும் அப்புறம் "திங்கட்கிழமை கட்டாயம்" என்றார். அந்தத் திங்கட்கிழமை பதினோராம் நாள். முறைத் தண்ணீர் விடுகிற காலத்தில் நம் முறை அன்றைக்கு மடையில் நிற்காமல் பேசிக்கொண்டிருந்தால் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். இதுவும் அப்படித்தான்.

நான் ஆறாம் நாளே புகார் போட்டேன். ஒட்டுக் கோட்டின் படம், விளம்பரத்தில் 'ஏகாண்டம்' என்று இருந்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பெட்டி பிரித்த வீடியோ எல்லாம் இணைத்தேன். கள்ள ஏலச் சந்தேகத்தை அதில் இழுக்கவில்லை. காட்ட முடிந்ததை மட்டும் எழுதினேன். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் ஒரு நகல் போனது. 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பேச்சையும் நிறுத்தவில்லை; தளத்தின் செய்திப் பெட்டிக்குள் மட்டும் பேசினேன். போன் வந்தால் "அதையே எழுதிப் போடுங்க சார்" என்று வைத்துவிடுவேன்.

பதினெட்டாம் நாள் பணம் வந்தது. திருப்பி அனுப்பும் கூலி 1,400 என் கையைவிட்டுப் போனது. அதற்கும் கேட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அதே வீணை, அதே படம், மறுபடி ஏலத்தில். தலைப்பில் ஒரு சொல் மட்டும் கூடியிருந்தது: 'ஏகாண்டம் மாதிரி'.