நூர்ட்பி ஷொப்பிங் சென்டர்: தராசோடு போய் வந்தோம்

ஒஸ்லோவிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஓடி ஸ்வினேசுண்ட் பாலத்தைக் கடந்தால் சுவீடன். அங்கிருந்து சில நிமிடத்தில் நூர்ட்பி. கார் நிறுத்தும் இடத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நோர்வே இலக்கத்தகடுதான். நாங்களும் இரண்டு குளிர்ப்பெட்டியோடு போயிருந்தோம்.

இறைச்சிக்கும் சீஸுக்கும் முழுப் புள்ளி கொடுக்கலாம். கோழி, பன்றி, மாடு எல்லாமே எங்கள் பக்கத்தை விட நன்றாகவே மலிவு. இருக்காதா பின்னே, தன் விவசாயிகளைக் காப்பாற்ற 2013இல் கட்டிச் சீஸுக்கு 277 வீதம் தீர்வை போட்ட நாடு நோர்வே. 1994 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதா என்று இரண்டு நாடும் இரண்டு வார இடைவெளியில் மக்களைக் கேட்டன. சுவீடனில் 52.3 வீதம் ஆம், நோர்வேயில் 52.2 வீதம் இல்லை. அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் இந்தக் கடைக்கு இவ்வளவு கூட்டம் என்று எனக்குப் படுகிறது.

இனிப்புக்கடை பெரிசு, அள்ளிப் போட்டு நிறுத்து வாங்கலாம், பிள்ளைகளை வெளியே கொண்டுவருவதுதான் கஷ்டம். குறை என்றால், அங்கே ஒரு கடையில் வாங்கிய உறைந்த கோழிக்காலை வீட்டில் உருகவிட்டால் பாதிக்குப் பாதி தண்ணீர். சாப்பாட்டுக்கடைகளும் சுமார், புளிச்சாதம் கட்டிக்கொண்டு போனது நல்லதாய்ப் போயிற்று.

திரும்பும்போது சுங்கம். இறைச்சியும் சீஸும் சேர்த்து ஆளுக்கு 10 கிலோதான். கொழும்புக்குப் போகும்போது சூட்கேஸைத் தூக்கிப் பார்க்கும் தராசை மனுசி மறக்காமல் கொண்டுவந்திருந்தாள், டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு பை பையாய்க் கொழுவிப் பார்த்தாள். "என்னப்பா, கூடிப் போச்சு, அந்தச் சீஸைத் தங்கச்சியின்ர பையில வையுங்கோ." பக்கத்துக் காரிலிருந்த நோர்வேக்காரர் சிரித்துவிட்டு அந்தத் தராசை இரவல் கேட்டார்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சைத் திரும்பத் தொடங்கலாமா என்று 2027க்குள் மக்களிடம் கேட்கப்போவதாக ஐஸ்லாந்து அரசு சொன்னதிலிருந்து எங்கள் நண்பர் வட்டத்திலும் அதே கதைதான்: நோர்வேயும் சேர்ந்தால் இந்தக் கடையை மூடிவிடுவார்களா? மூடமாட்டார்கள் என்பது என் கணக்கு. சேர்ந்தால் இறைச்சித் தீர்வை போய்விடும், 10 கிலோ கட்டுப்பாடும் போய்விடும், ஆனால் பியருக்கும் சிகரெட்டுக்கும் அவரவர் நாட்டு வரி அப்படியே இருக்கும், வீட்டுத் தேவைக்குக் கொண்டுவர எல்லையில் இப்போதுள்ள கெடுபிடியும் இராது. பியரும் சிகரெட்டும் வாங்க வரும் வரிசை இன்னும் நீளும்.

ஐந்துக்கு மூன்றரை. சனிக்கிழமை மட்டும் வேண்டாம், வியாழன் காலையில் போங்கள். தராசு முக்கியம்.