இன்சுலின் செல்லை எங்கே வைப்பது: கல்லீரலிலா, தோலடியிலா?

முதல் வகைச் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் சுரக்கும் செல்களைப் பொருத்துவது பற்றிப் பேச்செடுத்தால், செல் எங்கிருந்து வருகிறது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இறந்தவர் தந்த கணையமா, வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லா என்று. எங்கள் ஆய்வகத்தில் சுண்டெலிகளுக்குப் பொருத்தத் தொடங்கியபோது, அதை உடம்பில் எந்த இடத்தில் வைப்பது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. நாங்கள் தோலடியை எடுத்துக்கொண்டோம்.

மனிதர்களில் நிலைபெற்ற வழி கல்லீரல். கனடாவின் எட்மன்டனில் ஜேம்ஸ் ஷாபிரோ குழுவினர் கணையத் திட்டுகளை (இன்சுலின் சுரக்கும் செல்கள் அடங்கிய சிறு கொத்துகள்) கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரை வழியாகச் செலுத்தி, 7 பேரையும் இன்சுலின் ஊசியிலிருந்து விடுவித்ததை 2000இல் வெளியிட்டார்கள். வெர்டெக்ஸ் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் 2025இல் வெளியிட்ட ஸ்டெம் செல் சோதனையிலும் அதே வழிதான். முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டில் ஊசி தேவைப்படவில்லை. வயிற்றைத் திறக்காமல் குழாய் வழியாகவே செலுத்திவிடலாம். மனிதத் தரவு என்று பார்த்தால் தோலடி இதற்குப் பக்கத்தில்கூட வராது.

அப்புறம் ஏன் தோலடி? ரத்த ஓட்டம்தான் காரணம். கணையத்தின் எடையில் திட்டுகள் 1 முதல் 2 சதவீதம்தான். ஆனால் அதற்கு வரும் ரத்தத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இவற்றுக்கே போகிறது. நொதி ஊற்றிப் பிரித்தெடுக்கும்போது இந்த ரத்த நாளத் தொடர்பு முழுக்க அறுந்துவிடும். புது நாளங்கள் வேர்விட ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை சுற்றிலுமிருந்து கசிந்து வரும் ஆக்சிஜனை வைத்தே செல்கள் பிழைக்க வேண்டும். பெரிய திட்டுகளை வளர்ப்புத் தட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள்: ஓரம் பளிச்சென்று இருக்கும், நடுவில் கறுத்துப்போயிருக்கும். அந்த நடுப்பகுதி செத்துவிட்டது. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் வளர்ந்த பிறகு அரிதாகத்தான் பிளவுபடும் என்பதால், முதல் இரண்டு வாரத்தில் இழந்ததைப் பின்னால் ஈடுகட்ட முடியாது.

கல்லீரலில் இன்னொரு சிக்கல். திட்டு நேரடியாக ரத்தத்தில் பட்டதும் ரத்தம் உறைந்து அழற்சி கிளம்புகிறது. பாதிக்கு மேல் முதல் சில நாட்களிலேயே அழிந்துவிடுகின்றன என்பது பரவலான மதிப்பீடு. எட்மன்டன் முறையின் ஐந்தாண்டுக் கணக்கில் சுமார் 10 சதவீதம் பேரே ஊசியில்லாமல் இருந்தார்கள்.

வெறும் தோலடி இதைவிட மோசம். அங்கே நாளங்களே குறைவு. அதனால்தான் ஆண்ட்ரூ பெப்பரும் ஷாபிரோவும் 2015இல் சுண்டெலிகளில் காட்டிய முறையை நாங்கள் பின்பற்றுகிறோம். கதீட்டர் எனும் மெல்லிய நைலான் குழாயைத் தோலுக்கடியில் ஒரு மாதம் விட்டுவைக்க வேண்டும். அந்நியப் பொருள் என்று உடம்பு அதைச் சுற்றித் திசு கட்டும், நாளங்களும் வளரும். கதீட்டரை உருவினால் உள்சுவர் சிவந்த ஒரு சுரங்கம் கிடைக்கும். ரவைபோல வெளிறிய திட்டுகளை அதில் இறக்கித் தைத்துவிடுகிறோம். நாளங்கள் முன்பே தயாராக இருப்பதால் அந்த இரண்டு வாரப் பட்டினி பெருமளவு குறைகிறது.

ஸ்டெம் செல் என்றால் எனக்கு இந்த இடம் இன்னும் பிடிக்கும். அவை பொருத்திய பிறகும் முதிர்ந்துகொண்டே போகின்றன. ஏதாவது வேண்டாத கட்டி வளர்ந்தால் தோலடியிலிருந்து அப்படியே வெட்டியெடுத்துவிடலாம். கல்லீரல் முழுக்கச் சிதறியதை எப்படி எடுப்பது?

நோயெதிர்ப்பு தாக்காதபடி செல்களை உறைக்குள் அடைக்கும் வழியை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. வெர்டெக்ஸே தன் உறைச் சாதனத்தை 2025இல் போதிய பலனில்லை என்று கைவிட்டது. செல்லை வைக்கத் தசையும் ஓர் இடம், அதை அப்படி ஒதுக்கிவிட முடியாது. அதே ஆண்டு ஸ்வீடனின் உப்சாலாவில், மரபணு மாற்றிய திட்டுகளை ஒருவரின் முன்கைத் தசையில் வைத்து, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தே இல்லாமல் 12 வாரம் பிழைக்க வைத்திருக்கிறார்கள். சுரந்த அளவு கொஞ்சம்தான், ஊசியும் தொடர்ந்தது. ஆனாலும் பிழைத்தன.

நான் சொல்வதெல்லாம் எலியை வைத்துத்தான். எலிக்குச் சில நூறு திட்டுகள் போதும், தோலும் தளர்வானது. பெரியவர் ஒருவருக்குப் பல லட்சம் வேண்டும். அத்தனைக்கும் எத்தனை சுரங்கம் போடுவது? அதனால் இன்றைக்கு நோயாளி யாராவது என்னிடம் கேட்டால் கல்லீரல் என்றுதான் சொல்வேன். எலியில் ஸ்டெம் செல் சோதனை தொடங்குபவர் கேட்டால், செல் தயாராவதற்கு ஒரு மாதம் முன்பே கதீட்டரை வைத்துவிடச் சொல்வேன்.